60 டிகிரி விஸ்காசிட்டி: ஒரே டின், சுற்றுக்குச் சுற்று ஏறும் அளவு. எங்கே தேடுவது?

ஆய்வகமேசை எழுதியது:

வணக்கம். 60 டிகிரியில் விஸ்காசிட்டி (பாகுத்தன்மை) 2400 முதல் 3600 பாய்ஸ் வரை இருக்க வேண்டிய சாலைத் தர பிட்டுமின் சாம்பிள். ஏஎஸ்டிஎம் டி2171 முறைப்படி வேக்குவம் கேப்பிலரியில் பார்க்கிறோம்: வேக்குவத்தால் நுண்குழாயில் மேலே இழுக்கப்படும் பிட்டுமின் பி, சி, டி என்ற அடுத்தடுத்த பகுதிகளைக் கடக்கும் நேரத்தை அந்தந்தப் பகுதியின் மாறிலியால் பெருக்கினால் விஸ்காசிட்டி. குழாய் ஆஸ்ஃபால்ட் இன்ஸ்டிட்யூட் வகை, 100ஆம் எண். அதன் சான்றிதழில் உள்ள மாறிலிகள்: பி பகுதிக்கு 31.6, சி பகுதிக்கு 15.9, டி பகுதிக்கு 10.3 (பாய்ஸ்/விநாடி).

ஒரு லிட்டர் டின் முழுவதையும் ஹாட் பிளேட்டில் 160 டிகிரி வரை சூடாக்கி, அதிலிருந்தே குழாய், பெனட்ரேஷன் (25 டிகிரியில் ஊசி இறங்கும் ஆழம், ஓர் அலகு 0.1 மி.மீ.) கிண்ணம், சாஃப்டனிங் பாயிண்ட் (வளையத்தில் உள்ள பிட்டுமின் இளகி, மேலே வைத்த குண்டு கீழே இறங்கும் வெப்பநிலை) வளையங்கள் எல்லாவற்றுக்கும் ஊற்றினோம். அடுத்த சுற்றுக்கும் அதே டின்தான் மறுபடி சூடாக்கப்பட்டது. கிடைத்த நேரங்கள்:

முதல் சுற்று: பி 79.4, சி 158.5, டி 245.1 விநாடி. பெனட்ரேஷன் 63. சாஃப்டனிங் பாயிண்ட் 48.4.

இரண்டாம் சுற்று: பி 90.6, சி 180.3, டி 278.9. பெனட்ரேஷன் 62. சாஃப்டனிங் பாயிண்ட் 49.6.

மூன்றாம் சுற்று: பி 100.8, சி 208.7, டி 335.5. பெனட்ரேஷன் 61. சாஃப்டனிங் பாயிண்ட் 50.8.

60 விநாடியைத் தாண்டும் முதல் பகுதியைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும் என்பதால் பி பகுதியை எடுத்தால் 2509, 2863, 3185 பாய்ஸ் வருகிறது. இதே சாம்பிளின் இன்னொரு டின்னுக்கு வேறொரு ஆய்வகம் 2440 கொடுத்திருக்கிறது. குழாயை நிறுத்தும் பாத் (சூட்டை நிலையாக வைக்கும் தொட்டி) தண்ணீர் பாத், சர்க்குலேட்டர் உண்டு, டிஸ்ப்ளே 60.0 காட்டுகிறது. வேக்குவம் டயல் கேஜில் 300 மி.மீ. (பாதரசம்) வைத்துத் தொடங்குகிறோம். குழாயை மண்ணெண்ணெய், பிறகு அசிட்டோன், கடைசியில் காற்று விட்டுச் சுத்தம் செய்கிறோம்.

மறுபடி மறுபடி சூடாக்குவதால் பிட்டுமின் உண்மையிலேயே கெட்டிப்படுகிறதா, அல்லது அளப்பதில் கோளாறா? எந்த மதிப்பை அறிக்கையில் எழுதுவது?


நுண்குழாய் எழுதியது:

மூணு பகுதியோட நேரத்தையும் கொடுத்தது ரொம்ப நல்லது. பாதிப் பதில் அதுலயே இருக்கு. அறிக்கைக்குப் பி மட்டும் போதும், ஆனா கோளாறு தேடும்போது மூணையும் மாறிலியால பெருக்கிப் பாக்கணும்:

முதல் சுற்று 2509, 2520, 2525.
இரண்டாவது 2863, 2867, 2873.
மூணாவது 3185, 3318, 3456.

முதல் சுற்றுல மூணு பகுதியும் ஒரு சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகுது. குழாய் சுத்தம், குமிழி இல்லை, வேக்குவம் நிலையா நின்னிருக்குன்னு அர்த்தம். ரெண்டாவதுலயும் மூணும் ஒத்துப்போகுது, ஆனா மொத்தமா 14 சதவீதம் மேல போயிருக்கு. மூணாவது சுற்று வேற கதை. பி-யில தொடங்கி டி வரைக்கும் படிப்படியா 8.5 சதவீதம் ஏறுது. ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே காரணத்துல அடைக்க முயற்சி பண்ணாதீங்க.

எல்லாப் பகுதியும் ஒரே விகிதத்துல ஏறினா, ஆரம்பம் முதல் கடைசி வரை மாறாம இருந்த ஏதோ ஒண்ணு காரணம்: பாத் சூடு குறைவு, வேக்குவம் குறைவு, இல்லன்னா சாம்பிள் நெஜமாவே கெட்டியாகியிருக்கு. படிப்படியா ஏறினா, ஓட்டத்தின் நடுவுல ஏதோ மாறியிருக்கு: வேக்குவம் கசிவு, இல்லன்னா குழாயோட மேல்பக்கம் தண்ணிக்கு வெளிய நிக்குது. பாலிமர் கலந்த பிட்டுமின்லயும் இப்படி ஏறும், ஏன்னா மேல போகப் போக ஓட்டம் மெதுவாகி ஷியர் ரேட் (திரவ அடுக்குகள் ஒண்ணுமேல ஒண்ணு நழுவற வேகம்) குறையுது. ஆனா உங்க முதல் சுற்று தட்டையா இருக்கறதால அந்தக் காரணத்தை ஒதுக்கிடலாம்.

இப்ப எந்தக் கோளாறு எவ்வளவு தள்ளும்னு அளவு தெரியணும்.

சூடு: 60 டிகிரி பக்கத்துல ஒரு டிகிரி குறைஞ்சா விஸ்காசிட்டி சுமாரா 12 முதல் 15 சதவீதம் ஏறும். பாத் சூடு 0.03 டிகிரிக்குள்ள நிக்கணும்னு முறை கேக்கறது இதனாலதான். டிஸ்ப்ளே காட்டற 60.0 அந்த சென்சார் இருக்கற இடத்துச் சூடு மட்டும்தான்.

வேக்குவம்: ஓடும் நேரம் வேக்குவத்துக்கு நேர் எதிர்விகிதம். 300-க்குப் பதில் 290 மி.மீ. இருந்தா விடை 3.4 சதவீதம் கூடுதலாத்தான் வரும். முறை அனுமதிக்கிறது 300-க்கு அரை மி.மீ. இப்படியோ அப்படியோ. ஒரு சாதாரண டயல் கேஜால அதைப் படிக்கவே முடியாது. மெர்குரி மேனோமீட்டர், இல்லன்னா அளவுத்திருத்தம் செஞ்ச டிஜிட்டல் சென்சார் வேணும். இன்னொண்ணு, 300ங்கறது வெளிக்காற்று அழுத்தத்துக்குக் கீழ 300. அப்சல்யூட் அழுத்தம் காட்டற கேஜா இருந்தா வெளி அழுத்தத்திலிருந்து கழிச்சுத்தான் பாக்கணும்.

நிரப்பு மட்டம்: கோட்டுக்கு 2 மி.மீ. மேலேயோ கீழேயோ போகலாம். இதைத்தான் எல்லாரும் முதல்ல சந்தேகப்படுவாங்க, ஆனா 10 மி.மீ. பிட்டுமின் உயரமே முக்கால் மி.மீ. பாதரசத்துக்குத்தான் சமம், அது கால் சதவீதம். 14 சதவீதத்தை மட்டத்தால விளக்க முடியாது.

குழாய் உள்சுவரில் படிவு: இந்த வகைக் குழாயில நேரம் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். 100ஆம் எண் குழாயோட ஆரம் அரை மி.மீ., 5 மைக்ரான் படிவு இருந்தா நேரம் 2 சதவீதம் கூடும். மண்ணெண்ணெய் விட்டா கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் நின்னுடும். முதல்ல 135 டிகிரி ஓவன்ல குழாயைத் தலைகீழா நிறுத்தி முழுசா வடிய விடுங்க. அப்புறம் டொலுயீன் மாதிரி பிட்டுமினை நல்லாக் கரைக்கற கரைப்பான், கடைசியா அசிட்டோன், வடிகட்டின காற்று. இடையிடையே ஆசிட் கழுவலும் வேணும். இதெல்லாம் ஃப்யூம் ஹூட்ல, பக்கத்துல ஹாட் பிளேட் ஓடாதபோது.

ஒரே ஆள் ஒரே கருவியில எடுக்கற ரெண்டு விடைக்கு நடுவுல சராசரியில 7 சதவீதம் வரைக்கும் வித்தியாசத்தை முறை ஏத்துக்கும். ரெண்டு ஆய்வகத்துக்கு நடுவுல 10. உங்க 2509-ம் அவங்க 2440-ம் ரொம்ப நெருக்கம். 2863 சிதறல் இல்லை, காரணம் உள்ள தள்ளல்.

செய்ய வேண்டிய சோதனை மூணு. ஒண்ணு, குழாய் நிக்கற அதே இடத்துல, அதே ஆழத்துல அளவுத்திருத்தம் செஞ்ச தெர்மாமீட்டரை வச்சுப் பாருங்க. ரெண்டு, குழாய்க்குப் பதில் அடைப்பு போட்டு, 300 வச்சு, பம்ப் வால்வை மூடிட்டுப் பத்து நிமிஷம் கேஜைக் கவனிங்க. மூணு, மேல் நேரக்கோடு தண்ணி மட்டத்துக்குக் குறைஞ்சது 20 மி.மீ. கீழ இருக்கான்னு பாருங்க. 60 டிகிரில திறந்த பாத்ல தண்ணி ஆவியாகிக் குறைஞ்சுக்கிட்டே இருக்கும்.

நெஜமான கெட்டிப்படுதல்தான் காரணம்னா பெனட்ரேஷனும் கூடவே இறங்கியிருக்கணும். விஸ்காசிட்டி 27 சதவீதம் ஏறினா 63 அஞ்சாறு அலகாவது குறைஞ்சிருக்கும். உங்களுக்கு 61 வருது. அதனால பெரும்பங்கு அளப்புக் கோளாறுன்னுதான் நினைக்கறேன்.


கருங்கலம் எழுதியது:

மூன்று பகுதிகளையும் ஒப்பிடும் வழியை முழுமையாக ஏற்கிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு தடை உண்டு. பெனட்ரேஷன் மதிப்பைச் சாட்சியாகக் கொள்ளும் முன் அந்தச் சாட்சியையே விசாரிக்க வேண்டும்.

ஆய்வகமேசையின் முதல் சுற்று எண்களை எடுத்துக்கொள்வோம். சாஃப்டனிங் பாயிண்டில் பெனட்ரேஷன் சுமார் 800 என்பது பிஃபைஃபர், வான் டோர்மால் இருவரும் 1936-இல் பெனட்ரேஷன் இண்டெக்ஸுக்கு (சூடு மாறும்போது பிட்டுமின் எவ்வளவு இளகுகிறது என்பதைக் காட்டும் எண்) வைத்த அடிப்படை. 25 டிகிரியில் 63, 48.4 டிகிரியில் 800 என்றால், மடக்கை அளவில் டிகிரிக்கு 0.047 வருகிறது. அதாவது ஒரு டிகிரி கூடினால் பெனட்ரேஷன் 11 சதவீதத்துக்கு மேல் ஏறும். பாத் 25.0-க்குப் பதில் 25.5 இருந்தாலே 63 என்பது 66 அல்லது 67 ஆகிவிடும். அனுமதி 0.1 டிகிரி மட்டுமே. சற்றே சூடான பாத், கெட்டிப்பட்ட பிட்டுமினைக் கெட்டிப்படாததுபோல் காட்டிவிடும்.

ஆகவே பெனட்ரேஷனில் இவற்றைச் சரிபாருங்கள். ஊசி, தண்டு, எடை மூன்றும் சேர்ந்து 100 கிராம். இறங்கும் நேரம் 5 விநாடி. கையால் பொத்தானை விடும் கருவியாக இருந்தால் நிறுத்துக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஊசியின் விட்டம் 1.00 முதல் 1.02 மி.மீ., வெட்டப்பட்ட முனை 0.14 முதல் 0.16 மி.மீ. முனை தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் கண்ணால் தெரியாது, உருப்பெருக்கியில் பாருங்கள். 55 மி.மீ. விட்டமும் 35 மி.மீ. ஆழமும் உள்ள கிண்ணத்தை அறைக்காற்றில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு பாத்தில் மறுபடி அதே அளவு நேரம் வைக்க வேண்டும். அவசரத்தில் முதலில் குறைக்கப்படுவது இந்தக் காத்திருப்புதான். அப்போது கிண்ணத்தின் நடுப்பகுதி இன்னும் சூடாகவே இருக்கும், ஊசி ஆழமாக இறங்கும்.

குத்தும் புள்ளிகள் ஒன்றுக்கொன்றும் கிண்ண ஓரத்திலிருந்தும் குறைந்தது 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு குத்துக்கும் சுத்தமான ஊசி. மூன்று அளவீடுகளில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி, 50 முதல் 149 வரையுள்ள பெனட்ரேஷனுக்கு 4-ஐத் தாண்டக் கூடாது. ஊசி முனை தன் பிம்பத்தைத் தொடும் கணத்தில் நிறுத்துவதற்குப் பக்கவாட்டு விளக்கு வைத்துக்கொள்வது பெரிதும் உதவும். முனை அரை மி.மீ. புதைந்தே தொடங்கினால் 5 அலகு அங்கேயே போய்விடும்.

அடுத்து, எனக்கு மிகவும் கவலை தருவது சூடாக்கும் முறை. நீங்கள் சொல்லும் 160 டிகிரி, பிட்டுமினை வேண்டுமென்றே முதுமைப்படுத்தும் சோதனையின் வெப்பநிலைக்கு அருகில் நிற்கிறது. ஆர்டிஎஃப்ஓடி (சுழலும் மெல்லிய படல ஓவன்) சோதனையில் 163 டிகிரியில் 85 நிமிடம், ஒரு குடுவைக்கு 35 கிராம், காற்று பாய்ச்சி மெல்லிய படலமாகச் சுழற்றுகிறார்கள். டின்னில் படலம் தடிமனாக இருப்பதால் ஆக்சிஜனேற்றம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஹாட் பிளேட்டைத் தொடும் அடிப்பகுதி, தெர்மாமீட்டர் காட்டுவதைவிட மிக அதிகமாகச் சூடாகும். அடியில் கருகியதைக் கலக்கி மேலே கொண்டுவந்தால் சாம்பிளே மாறிவிடுகிறது.

பெனட்ரேஷனுக்கு ஊற்றும்போது வெப்பநிலை, எதிர்பார்க்கும் சாஃப்டனிங் பாயிண்டுக்கு மேல் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது, சூட்டில் இருக்கும் நேரம் 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சாம்பிளுக்கு அது சுமார் 138 டிகிரி. கேப்பிலரிக் குழாய்க்கு 135 டிகிரி, 5.5 கூடவோ குறையவோ. இரண்டுக்கும் 135 டிகிரி ஓவன் ஒன்றே போதும். 160 எதற்கும் தேவையில்லை.

சரியான ஒழுங்கு இது: பெரிய டின் வந்தவுடன் ஒரே ஒருமுறை, ஓவனில், ஊற்றும் அளவுக்கு இளகும் வரை மட்டும் சூடாக்குங்கள். குமிழி சேராமல் மெதுவாகக் கலக்கி, 100 முதல் 200 கிராம் கொள்ளும் மூடியுள்ள சிறு டின்களில் பிரித்து, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு சிறு டின் ஒரு சோதனைத் தொகுதிக்கு மட்டும். மிச்சமானதை மறுபடி சூடாக்கி எதையும் அளக்காதீர்கள். ஒன்றிரண்டு டின்களைத் தொடாமல் வைத்திருந்தால் பின்னால் தகராறு வந்தால் உதவும்.

நிரப்பியபின் குழாயை 135 டிகிரியில் சுமார் 10 நிமிடம் வைத்தால் பெரிய குமிழிகள் வெளியேறும். அங்கிருந்து எடுத்து 5 நிமிடத்துக்குள் 60 டிகிரி பாத்துக்குள் இறக்கி, 30 நிமிடம் காத்திருந்து வேக்குவத்தைத் திறக்க வேண்டும். சூடாக்கும்போது நுரைத்தால் சாம்பிளில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அதைக் குழாயில் ஊற்றாதீர்கள்.


வளையமும்குண்டும் எழுதியது:

சாஃப்டனிங் பாயிண்ட் பத்தி யாரும் தொடலை, அதனால சுருக்கமா.

48.4, 63 வச்சுப் பெனட்ரேஷன் இண்டெக்ஸ் போட்டா மைனஸ் 1.08 வருது. 50.8, 61 வச்சுப் போட்டா மைனஸ் 0.53. ஒரே டின்னுக்கு அரை அலகுக்கு மேல நகர்ந்திருக்கு. பெனட்ரேஷன் ரெண்டே அலகு குறைஞ்ச சாதாரண பிட்டுமின் இப்படி நகராது. ரெண்டுல ஒண்ணு தப்பு, இல்லன்னா ரெண்டுமே தப்பு.

வழக்கமான காரணங்கள்: சூடேற்றும் வேகம் நிமிஷத்துக்கு 5 டிகிரி, அரை கூடலாம் குறையலாம். வேகம் கூடினா தண்ணி முன்னால ஓடிடும், வளையத்துக்குள்ள இருக்கற பிட்டுமின் பின்தங்கும், விடை மேல போகும். முழு ஓட்டத்துக்குச் சராசரி போட்டு 5 வருதுன்னு ஒப்பேத்தக் கூடாது. முதல் மூணு நிமிஷத்துக்கு அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் அந்த எல்லைக்குள்ள இருக்கணும், இல்லன்னா அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுடணும்.

தண்ணி 5 டிகிரில தொடங்கணும். குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, புதுசாக் கொதிக்க வச்சு ஆறவச்ச டிஸ்டில்டு தண்ணி வேணும். இல்லன்னா பிட்டுமின் மேல காற்றுக் குமிழி ஒட்டிக்கிட்டுத் தாங்கிப் பிடிக்கும். சாஃப்டனிங் பாயிண்ட் 80 டிகிரிக்குக் கீழ இருக்கற பிட்டுமினுக்கு கிளிசரின் வேண்டாம். குண்டு 3.50 கிராம், விழற தூரம் 25 மி.மீ. ரெண்டு வளையத்துக்கும் ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா மறுபடி செய்யணும். மேல்பக்கத்தைச் சூடான கத்தியால வளையத்தோட மட்டத்துக்குச் சீவுங்க. ஊத்தினதுல இருந்து 240 நிமிஷத்துக்குள்ள முடிங்க. அதுக்கு மேல வச்சா பிட்டுமின் சும்மா இருந்தே கெட்டியாகும்.

இன்னொரு ஆய்வகத்தோட ஒப்பிடறப்ப அவங்க இஎன் 1427-ல (ஐரோப்பியத் தரமுறை) கலக்கியோட செய்யறாங்களான்னு கேளுங்க. ஏஎஸ்டிஎம் டி36-ல கலக்கி இல்லை, அதனால விடை ஒன்றரை டிகிரி போல மேல வரும்.


ஆய்வகமேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளின் விவரம்:

பாத்: முதல் சுற்றில் குழாய் சர்க்குலேட்டர் வாய்க்கு அருகில் இருந்தது. பிறகு இரண்டு தாங்கிகள் மாட்டப்பட்டதால் குழாய் எதிர்மூலைக்குப் போனது. அந்த மூலையில் 59.1 டிகிரி. சர்க்குலேட்டர் அருகில் 60.0.

வேக்குவம்: டயல் கேஜை மேனோமீட்டரோடு ஒப்பிட்டதில் 300-இல் ஒத்துப்போகிறது. ஆனால் வால்வை மூடியதும் 10 நிமிடத்தில் 265-க்கு இறங்கிவிட்டது. குழாயோடு இணைக்கும் ரப்பர் டியூபில் வெடிப்பு. மூன்றாம் சுற்றில் வால்வை மூடிவைத்து ஓடவிட்டோம். முதல் இரண்டிலும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

மேல் நேரக்கோடு தண்ணீர் மட்டத்திலிருந்து 20 மி.மீ.க்கு அதிகமான ஆழத்தில்தான் இருக்கிறது.

பெனட்ரேஷன் பாத்: பதிவேட்டில் முதல் சுற்றுக்கு 25.0, மூன்றாவதற்கு 25.3.

சூடாக்கிய நேரம்: முதல் இரண்டு சுற்றிலும் அரை மணி நேரத்துக்குள். மூன்றாவதில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

சாஃப்டனிங் பாயிண்ட்: மூன்றாம் சுற்றில் வேகம் நிமிடத்துக்கு 6.5 முதல் 7 டிகிரி.


நுண்குழாய் எழுதியது:

இப்ப கணக்கு பிரிஞ்சுடுச்சு. கருங்கலம் சொன்ன தடை நியாயமானது. பெனட்ரேஷன் பாத்தைப் பாக்காம இருந்திருந்தா கெட்டிப்படுதலை நாம கோட்டை விட்டிருப்போம்.

ரெண்டாம் சுற்று: 0.9 டிகிரி குறைவு. டிகிரிக்கு 14 சதவீதம்னு வச்சா 12, 13 சதவீதம் ஏறும். வந்தது 14. மிச்சம் ஒண்ணோ ரெண்டோ சதவீதம், அது முறையோட சிதறலுக்குள்ள. ஆக, ரெண்டாவது முழுக்க முழுக்க பாத் மூலைதான்.

மூணாம் சுற்று: பத்து நிமிஷத்துல 35 மி.மீ. இறங்கினா நிமிஷத்துக்கு 3.5. பி பகுதி ஓடும்போது சராசரியா 295, சி-க்கு 287, டி-க்கு 271 போல இருந்திருக்கும். பி-க்கும் டி-க்கும் விகிதம் 1.09. உங்க எண்கள்ல 3456-ஐ 3185-ஆல வகுத்தா 1.085. படிக்கட்டு வந்தது கசிவாலதான்.

அப்ப பி பகுதியில மொத்தம் 27 சதவீதம் ஏற்றம். அதுல மூலையோட சூடு 12, 13, கசிவு ஒன்றரை. ரெண்டையும் வகுத்து எடுத்தா இன்னும் 10, 11 சதவீதம் மிச்சம் நிக்குது. பெனட்ரேஷனை 25.0-க்குத் திருத்தினா 61 என்பது 59 ஆகுது, அதாவது 63-ல இருந்து நாலு குறைவு. அது 10 சதவீதம் கெட்டிப்படுதலோட பொருந்துது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஹாட் பிளேட்ல 160-ல நின்னதுக்கு அது எதிர்பாக்கக் கூடியதுதான். குழாய்ல படிவும் அதுல கொஞ்சம் பங்கு வகிக்கலாம், அதைச் சுத்தமான குழாயோட பிரிச்சுப் பாத்துடுங்க.

இந்தத் திருத்தக் கணக்கு கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும். 3185-ஐ இப்படித் திருத்தி ஒரு எண்ணை அறிக்கையில எழுதக் கூடாது. ரெண்டாவதும் மூணாவதும் செல்லாது. அந்த டின்னையும் ஒதுக்கிடுங்க. தொடாத டின் இருந்தா அதைப் பிரிச்சு, 135-ல சூடாக்கி, ரெண்டு குழாய்ல எடுத்துச் சராசரி போடுங்க. சூடும் வேக்குவமும் நின்ன ஓட்டம் உங்க முதல் சுற்றுதான், புதுசா எடுக்கறது அதோட பக்கத்துல வரணும்.

ஓட்டத்தின்போது வால்வைத் திறந்து வச்சு, வேக்குவத்தை ரெகுலேட்டர் பிடிச்சு நிறுத்தற மாதிரி அமைங்க. ரப்பர் டியூபுக்குப் பதில் தடித்த சுவர் உள்ள வேக்குவம் டியூப். பாத்ல ஒவ்வொரு தாங்கி நிக்கற இடத்துலயும் சூட்டை எழுதி ஒரு வரைபடம் வச்சுக்கங்க. தாங்கியை நகர்த்தினா மறுபடி எழுதணும். எல்லாம் சரியான பிறகு, விஸ்காசிட்டி தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் திரவத்தை அதே குழாய்ல ஓடவிட்டு மாறிலியைச் சரிபாருங்க. அது ஒண்ணுதான் பாத், வேக்குவம், குழாய் மூணையும் ஒரே நேரத்துல சோதிக்கும்.


கலவைநிலையம் எழுதியது:

இதோட சேர்த்து ஒரு கேள்வி. எங்க ஆய்வகத்துல கேப்பிலரி இல்லை, புரூக்ஃபீல்டு ரொட்டேஷனல் (பிட்டுமினுக்குள்ள ஸ்பிண்டில்ங்கற தண்டைச் சுழற்றி விஸ்காசிட்டி அளக்கற கருவி) மட்டும்தான். 135 டிகிரில 27ஆம் எண் ஸ்பிண்டில், 20 ஆர்பிஎம், 400 சென்டிபாய்ஸ் வருது. இதை வச்சு 60 டிகிரி தரத்தைச் சொல்ல முடியுமா? 135 டிகிரி கைனமாட்டிக் வரம்போட எப்படி ஒப்பிடறது?


கருங்கலம் எழுதியது:

60 டிகிரி மதிப்பைச் சொல்ல முடியாது. 135-இல் ஒரே விஸ்காசிட்டி உள்ள இரண்டு பிட்டுமின்கள் 60-இல் வெகுவாக வேறுபடலாம். வெப்பநிலையோடு இளகும் வேகம், எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது, எப்படிச் சுத்திகரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

கைனமாட்டிக்கோடு ஒப்பிட அடர்த்தியால் வகுக்க வேண்டும், 135 டிகிரியில் உள்ள அடர்த்தியால். 25 டிகிரியில் 1.03 உள்ள பிட்டுமின் 135-இல் சுமார் 0.96-க்கு இறங்கும். 400 சென்டிபாய்ஸை 0.96-ஆல் வகுத்தால் 417 சென்டிஸ்டோக்.

ஆனால் அந்த 400-ஐ நம்பும் முன் டார்க் (ஸ்பிண்டிலைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை) சதவீதத்தைப் பாருங்கள். ஆர்வி வகைக் கருவியில் 27ஆம் எண் ஸ்பிண்டில் 20 ஆர்பிஎம்மில் முழு அளவு 12,500 சென்டிபாய்ஸ். 400 என்றால் டார்க் வெறும் 3.2 சதவீதம். கருவியின் துல்லியம் முழு அளவில் ஒரு சதவீதம், அதாவது 125 சென்டிபாய்ஸ் இப்படியும் அப்படியும். உங்கள் 400 உண்மையில் 275 முதல் 525 வரை எதுவாகவும் இருக்கலாம். 21ஆம் எண் ஸ்பிண்டிலுக்கு மாறினால் அதே 20 ஆர்பிஎம்மில் முழு அளவு 2,500. பிழை 25 சென்டிபாய்ஸாகச் சுருங்கும். வேகத்தை 50-க்கு உயர்த்தினால் முழு அளவு 1,000, டார்க் 40 சதவீதம், பிழை 10. பாலிமர் கலக்காத பிட்டுமின் 135-இல் நியூட்டோனியன் திரவம் என்பதால் வேகத்தை மாற்றினாலும் மதிப்பு மாறக் கூடாது. மாறினால் ஏதோ சரியில்லை. டார்க் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதை எப்போதும் உறுதி செய்யுங்கள்.

27ஆம் எண்ணுக்குச் சுமார் 10.5 கிராம் சாம்பிள். கூடுதலாக ஊற்றினால் ஸ்பிண்டில் தண்டும் மூழ்கி விடை ஏறும். சேம்பரையும் ஸ்பிண்டிலையும் முன்கூட்டியே சூடாக்குங்கள். சூடு நிலைத்தபின் 10 நிமிடம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று அளவீடு எடுத்துச் சராசரி போடுங்கள். அளவீடு தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் சூடு இன்னும் நிலைக்கவில்லை.

கலவை நிலையத்துக்கு இந்தக் கருவியின் பெரிய பயன் வேறு. 135, 165 டிகிரி இரண்டிலும் அளந்து, விஸ்காசிட்டியின் இரட்டை மடக்கையையும் கெல்வின் வெப்பநிலையின் மடக்கையையும் வைத்து நேர்கோடு வரையுங்கள். 0.17 பாஸ்கல் விநாடி, 0.02 கூடவோ குறையவோ வரும் இடம் கலக்கும் வெப்பநிலை. 0.28, அதில் 0.03 கூடவோ குறையவோ வரும் இடம் அழுத்தும் வெப்பநிலை. பாலிமர் கலந்த பிட்டுமினுக்கு இந்தக் கோட்டைப் பயன்படுத்த வேண்டாம்; தேவைக்கு மிஞ்சிய சூட்டைக் காட்டும். அதற்கு பாலிமர் பிட்டுமின் தயாரிப்பாளர் தரும் வெப்பநிலையைக் கேட்டு வாங்குங்கள்.